களாக்காய் ரம்மும் தாய்மாமன் சீரும்

1

இன்று காலையில் ஒரு பாட்டிலைத் திறந்தேன். காலையிலேயேவா என்று ஊரில் யாரும் முகம் சுளிக்க வேண்டாம். திறந்தது முகர்ந்து பார்ப்பதற்கு மட்டும்தான். என் மகள் காயத்ரிக்குக் கல்யாணமாகி இன்றோடு ஒரு வருஷம். கல்யாணத்துக்கு வந்து சேர்ந்த இஞ்சியைக் கமலா ஆரஞ்சுத் தோலோடு ரம்மில் ஊறப்போட்டு, இந்த நாளுக்கென்றே வைத்திருந்தேன். சாயங்காலம் மகளும் மருமகனும் சம்பந்தி வீட்டாரும் வருகிறார்கள்.

அந்த இஞ்சியைக் கொண்டுவந்தவர் என் மச்சான் சௌந்தரபாண்டியன். என் மனைவி செல்வியின் அண்ணன். விருதுநகரில் மளிகை மொத்த வியாபாரம். வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவைத் தொடாதவர். மழைக்குக்கூட ஒயின் ஷாப் வாசலில் ஒதுங்காமல் நனைந்துகொண்டே நடந்தவர். அவர் கையால் வந்த இஞ்சி என் ரம் பாட்டிலுக்குள் எப்படிப் போனது என்று ஊரில் இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஆளாளுக்குக் கைகால் வைத்துச் சொல்வதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

2

புலம்பெயர்ந்தவன் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். கடல் தாண்டவில்லை, பாஸ்போர்ட் எடுக்கவில்லை. ரயிலில் கீழ் பெர்த்தில் படுத்துத் தூங்கி வந்து இறங்கியவன். வங்கியில் கல்கத்தாவுக்கு மாற்றல் என்றார்கள், சீக்கிரம் திரும்பிவிடலாம் என்றார்கள். காயத்ரி அப்போது பால்குடி. இப்போது நான் ஓய்வுபெற்று ஜாதவ்பூரில் சொந்த ஃப்ளாட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். திரும்பிவிடலாம் என்று சொன்ன அதிகாரியும் இங்கேயே சால்ட் லேக்கில் வீடு கட்டிவிட்டார்.

வந்த புதிதில் கேஸ் இணைப்புக்குப் போனேன். "உங்க டைட்டில்?" என்று கவுண்டரில் இருந்தவர் கேட்டார். குடும்பப் பெயரைத்தான் இங்கே டைட்டில் என்பார்கள். இல்லை என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வீட்டில் யாரோ தவறிப்போன செய்தியைக் கேட்டவர் மாதிரி என்னைப் பார்த்தார். பக்கத்து மேஜைக்காரரும் எழுந்து வந்தார். இருவருமாகப் பேசி, காலியாக இருந்த கட்டத்தில் என் அப்பாவின் பெயரை எழுதினார்கள். அன்றிலிருந்து நான் மிஸ்டர் மாரிமுத்து. மதுரையைத் தாண்டி எங்கும் போயிராத என் அப்பாவின் பெயருக்கு ஜாதவ்பூரில் இன்றைக்கும் சிலிண்டர் வந்துகொண்டிருக்கிறது.

மொழியில் நான் இன்னும் தேறவில்லை. வங்காளத்தில் 'நீங்கள்' என்பதற்கு 'ஆப்னி', 'நீ' என்பதற்கு 'துமி'. இது நன்றாகத் தெரியும். வாய் திறந்தால் மட்டும் இரண்டும் இடம் மாறிவிடும். டீக்கடைக்காரரை ஆப்னி என்பேன், எங்கள் ஜோனல் மேனேஜரைத் துமி என்றிருக்கிறேன். டீக்கடைக்காரர் எனக்கு எப்போதும் கொஞ்சம் பெரிய மண்குவளையாகப் பார்த்து ஊற்றுவார். மேனேஜர் என்ன செய்தார் என்பதை எழுத வேண்டியதில்லை.

காயத்ரி கதை நேர்மாறு. அவள் சண்டை போடுவதும் வங்காளத்தில், தூக்கத்தில் உளறுவதும் வங்காளத்தில். இங்கே தண்ணீரையும் 'சாப்பிடுவார்கள்' என்பதால், "அப்பா, தண்ணி சாப்பிட்டுட்டு வரேன்" என்பாள். திருத்தித் திருத்தி ஓய்ந்துபோய், இப்போது செல்வியே சில சமயம் தண்ணீர் சாப்பிடுகிறாள். பிள்ளை நம் கையைவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் போகிறதே என்று எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. வருத்தப்பட்டுக்கொண்டே நானும் அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தேன் என்பது அப்போது தெரியவில்லை.

3

ஒரு துர்கா பூஜை விடுமுறை முடிந்து, விஜயதசமிக்கு இங்கே சொல்லும் பிஜோயா வாழ்த்துச் சொல்ல அலுவலக நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு மடக்கு அளவுக்கு எதையோ கண்ணாடிக் கிண்ணத்தில் கொடுத்தார். இஞ்சி நாக்கில் சுள்ளென்று ஏறி, பின்னாலேயே எலுமிச்சை வாசனை வந்தது. வீட்டிலேயே செய்ததாம். கடையில் வாங்கிய ரம்மில் இஞ்சியையும் பழத்தையும் ஊறப்போட வேண்டும், அவ்வளவுதான். காய்ச்சுவது கிடையாது, அடுப்பே கிடையாது, போலீசுக்கும் வேலை கிடையாது. எனக்கு ஆசை வந்துவிட்டது.

செல்வியிடம் சொல்வதுதான் பெரிய விஷயம். செல்வியின் அப்பா குடித்தே ஒரு கடையையும் ஒரு வீட்டையும் முடித்தவர். அண்ணன் தலையெடுத்துத்தான் குடும்பம் நிமிர்ந்தது. நான் தயங்கித் தயங்கிச் சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள். மறுநாள் இஞ்சியைத் தோல் சீவிக்கொண்டே சொன்னாள்.

"நீங்க நறுக்குனா கட்டை கட்டையாக் கிடக்கும். நானே நறுக்கித் தாரேன். ஆனா ஒண்ணு, அண்ணனுக்கு மட்டும் தெரியக் கூடாது."

"தெரியாது."

"தெரிஞ்சா எங்கப்பாதான் திரும்பி வந்துட்டாருன்னு நெனைக்கும். தாங்காது அது."

அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குச் சுருக்கென்றது. சத்தியம் செய்து கொடுத்தேன்.

முதல் ஜாடியில் நாங்கள் செய்த காரியத்தை வேறு எந்த ஊர்க்காரனும் செய்திருக்க மாட்டான். இஞ்சியும் எலுமிச்சையும் ஜாடிக்குள் போகிறது என்றால் எங்களுக்குக் கை தானாக ஒரே வேலையைத்தான் செய்யும். ஜாடியின் வாயில் வெள்ளைத் துணியால் வேடு கட்டி, மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் வெயிலில் வைத்துவிட்டோம். பூஞ்சை பிடிக்கக் கூடாதே! நாளுக்கு நாள் ஜாடியில் மட்டம் இறங்கியது. "நல்லாச் சுண்டுது" என்று செல்விக்குத் திருப்தி. எனக்கும் திருப்தி.

ஒரு நாள் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து ஒரு குரல். லுங்கியும் பனியனுமாக ஒருவர் மூக்கை உயர்த்தி நின்றிருந்தார்.

"தாதா! அது ஊறுகாய் இல்லை! உங்கள் ரம்மை எல்லாம் காக்காய் குடித்துக்கொண்டிருக்கிறது!"

அவர்தான் தபன்தா. 'தா' என்றால் அண்ணன். கிடர்பூர் துறைமுகத்தில் சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர். இரண்டு மாடிக்கும் நடுவில் இருந்த குட்டைச் சுவரைத் தாண்டி வந்து, துணியை அவிழ்த்து, ஒரு கரண்டி எடுத்து நாக்கில் விட்டார். பிறகு தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். துணி வழியாக ரம் ஆவியாகிப் போய், ஜாடியில் மிஞ்சியிருந்தது இனிப்பான இஞ்சித் தண்ணீர்தான்.

செல்விக்கு ரோஷம் வந்துவிட்டது. மிஞ்சிய இஞ்சியை வடித்து, நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் போட்டு நிஜ ஊறுகாயாகவே ஆக்கி, ஒரு கிண்ணத்தில் அந்த ஆளுக்கே கொடுத்தனுப்பினாள். கிண்ணம் காலியாகத் திரும்பி வரக் கூடாது என்பது நம் ஊரிலும் வழக்கம், இங்கேயும் வழக்கம். அதனால் அந்தக் கிண்ணம் ஒரு நாளும் ஓய்ந்ததில்லை. இங்கிருந்து எடுத்துப்போனவள் காயத்ரி, அங்கிருந்து கொண்டுவந்தவன் தபன்தாவின் மகன் சௌமிக். போகப் போக இரண்டு பேரும் கிண்ணத்தைச் சுவர் மேல் வைத்துவிட்டு, அதை மறந்து பேசிக்கொண்டு நின்றார்கள். உள்ளே இருந்த பாயசம் ஆடை கட்டியதைச் செல்விதான் முதலில் கவனித்தாள்.

4

தபன்தாவும் நானும் கூட்டுச் சேர்ந்துவிட்டோம். குளிர்காலத்தில் கமலா ஆரஞ்சு, சரஸ்வதி பூஜை சமயத்தில் இலந்தை, மழைக்காலத்தில் களாக்காய். இங்கே கராம்சா என்பார்கள். வெள்ளை ரம்மில் களாக்காயைப் போட்டால் வரும் சிவப்புக்கு ஈடே கிடையாது. பழத்தை ஊசியால் குத்திவிட வேண்டும். இஞ்சியைத் துருவக் கூடாது, கலங்கிவிடும், தாள் மாதிரி சீவ வேண்டும். சர்க்கரைக்குப் பதில் பனங்கற்கண்டு போடுவது செல்வியின் யோசனை. தபன்தா அதைத் தன் யோசனை என்று காளிகாட் சந்தை வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறார்.

வடிகட்டும் நாளில் எங்களுக்கு ஒரு சடங்கு உண்டு. பாட்டிலுக்குள் எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும். அதனால் கொஞ்சம் தட்டில் ஊற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து நிறம் பார்ப்போம். நிறம் சரியில்லை என்றால் ஜாடி திரும்ப அலமாரிக்குள் போய்விடும். சனிக்கிழமை சாயங்காலம் ஆளுக்குக் கட்டைவிரல் அளவுக் கிண்ணத்தில் ஒன்று. இரண்டாவது கிடையாது. குடிப்பதைவிட அதைப் பற்றிப் பேசுவதற்குத்தான் எங்களுக்கு நேரம் போதாது.

கல்யாணப் பேச்சு வந்தபோது செல்வி அண்ணனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். பையன் வங்காளி என்றாள். மீன் இல்லாமல் சாப்பிட மாட்டார்கள் என்றாள்.

"மீனு நாமளுந்தான திங்கோம். அது கெடக்கட்டும். அவுக வீட்டுல குடிப்பாகளா?"

செல்வி என்னைப் பார்த்தாள். நான் போனைப் பார்த்தேன்.

"மாப்ள, நீங்க சொல்லுங்க. பையனோட அப்பா எப்படி?"

"விசாரிச்சுச் சொல்றேன் மச்சான்" என்றேன்.

எப்படி அப்படி ஒரு வார்த்தை வாயில் வந்தது என்று தெரியவில்லை. முந்தின நாள்தான் அந்த மனிதரோடு உட்கார்ந்து இலந்தையா பலாவா என்று தர்க்கம் செய்திருந்தேன். மச்சான் வியாபாரி, என் குரலில் ஏதோ இடித்தது அவருக்குத் தெரிந்துவிட்டது. "நீங்க விசாரிக்க வேணாம். நானே வந்து பாக்கேன்" என்றார். கூடவே, "குடிகார வீடா இருந்தா எனக்குப் பத்திரிகை வைக்காதிய. மாலை எடுத்துக் குடுக்க வேற ஆளைப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நம் பக்கத்தில் தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் ஒரு பெண் மணவறையில் உட்காருவாளா? சட்டப்படி உட்காரலாம், பதிவு அலுவலகத்தில் கேட்பது டைட்டிலை மட்டும்தான். ஆனால் காயத்ரிக்கு மொட்டை போட்டதும் காது குத்தியதும் அவர் மடியில் வைத்துத்தான். "மாமா வரலேன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்ப்பா" என்று அவள் சொன்னாள். வங்காளத்தில் இல்லை, சுத்தமான தமிழில் சொன்னாள்.

5

மச்சான் வந்த ரயில் என் அனுபவத்தில் நேரத்துக்கு வந்ததே கிடையாது. அன்றைக்கு வந்தது. அவரை அழைத்துவரக் காயத்ரி ஹௌரா ஸ்டேஷனுக்குப் போயிருந்தாள். இன்னும் நேரம் இருக்கிறது என்ற தைரியத்தில் நான் புதுக் களாக்காய் ஜாடியை வடித்து, எவர்சில்வர் தட்டில் ஊற்றி ஜன்னலோரம் நிறம் பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பந்தி ஆகப்போகிறவர் சாயங்காலம் வரும்போது, நிறம் கூடிவிட்டது என்று கண்ணாலாவது ஜாடை காட்ட வேண்டாமா? அழைப்புமணி அடித்தது. கதவுக்கு வெளியே மச்சானின் இருமல்.

பாட்டிலை அலமாரிக்குள் தள்ளிப் பூட்டினேன். தட்டை எங்கே வைப்பது? அவர் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போவார். கைகால் கழுவக் குளியலறைக்குப் போவார். குளிக்காமல் அவர் போகாத இடம் ஒன்றே ஒன்றுதான். சாமி அலமாரியில் விளக்குக்குப் பின்னால் தட்டை வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன். பிறகு எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மச்சான் என் தோளில் கைபோட்டு உட்கார்ந்தவர், சாயங்காலம் வரை என்னை எழுந்திருக்க விடவில்லை.

மாலையில் சம்பந்தி வீட்டார் வரும்போது ஆரத்தி எடுக்க ராஜி மாமியைக் கூப்பிட்டிருந்தோம். இரண்டு தலைமுறையாகக் கல்கத்தாவிலேயே இருக்கிற குடும்பம் அவருடையது. அன்றைக்கு அவருக்குக் கடுமையான ஜலதோஷம், மூக்கில் காற்றே போகவில்லை. மஞ்சளையும் சுண்ணாம்பையும் எடுத்துவைத்திருந்த செல்வி, பலகாரம் பொரித்துக்கொண்டே சொன்னாள்.

"மாமி, ஆரத்திக்கு எல்லாம் சாமி அலமாரியில இருக்கு."

மாமி போய்ப் பார்த்தார். சிவப்பாக ஒரு தட்டு தயாராக இருந்தது.

"கரைச்சே வெச்சுட்டியாடி? சமத்து!" என்று, நடுவில் ஒரு வெற்றிலையை மிதக்கவிட்டு, அதன் மேல் கற்பூரத்தை வைத்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

வாசலில் தபன்தாவும் அவர் மனைவியும் சௌமிக்கும் நின்றிருந்தார்கள். சௌமிக் கையில் சந்தேஷ் இனிப்பு அடுக்கிய பெரிய பித்தளைத் தாம்பாளம். இந்தப் பக்கம் வெள்ளை வேட்டி சட்டையில் மச்சான், மாப்பிள்ளைப் பையனைத் தலையிலிருந்து கால்வரை அளந்துகொண்டிருந்தார். மாமி கற்பூரத்தைப் பற்றவைத்தார். ஒரு சுற்றுதான் சுற்றியிருப்பார். வெற்றிலை ஒரு பக்கம் சாய்ந்து, கற்பூரம் வழுக்கி விழுந்தது. தட்டு முழுக்க நீலமாக ஒரு தீ எழும்பிப் படபடவென்று ஆடியது.

"ஐயோ பகவானே!" என்று மாமி அலறினார். தட்டைப் போடவும் முடியாமல் பிடிக்கவும் முடியாமல் நின்றார். சௌமிக் சந்தேஷை அப்படியே அம்மாவின் முந்தானையில் கொட்டினான். காலித் தாம்பாளத்தைக் கவிழ்த்துத் தட்டை மூடி, மாமியின் கையிலிருந்து அதை வாங்கித் தரையில் வைத்தான். தீ அடங்கிவிட்டது. மாமிக்கு ஒரு வளையல்கூடக் கறுக்கவில்லை.

ஆனால் வாசனையை யார் மூடுவது? சூடேறிய ரம்மும் இஞ்சியும் களாக்காயும் சேர்ந்து மாடிப்படி முழுக்கப் பரவியது. மச்சானின் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயதில் தினமும் வீட்டுக்குள் வந்த வாசனை, அவருக்கு மறக்குமா? முகத்தில் ரத்தமே இல்லை. செல்வி வாணலிக் கரண்டியோடு அடுக்களை வாசலில் நின்றிருந்தாள்.

தபன்தா மட்டும் கைதட்டினார். எங்கள் பக்கத்தில் சம்பந்தியை இப்படித்தான் ரம்மைக் கொளுத்தி வரவேற்போம் என்று அவர் நினைத்துவிட்டார்.

"வொண்டர்ஃபுல்! இப்படி ஒரு மரியாதையை எங்கள் வம்சத்தில் யாரும் பார்த்ததில்லை!" என்றவர், மூக்கை உறிஞ்சினார். முகம் மலர்ந்தது. மச்சானுக்குப் புரியட்டும் என்று ஆங்கிலத்தில் தொடர்ந்தார். "சார், இது எங்கள் கராம்சா! உங்கள் தங்கை கணவரும் நானும் சேர்ந்து போட்டது! இந்தக் கல்யாணமே அந்த ஜாடியால் வந்ததுதான் சார்!"

காக்காய் ரம் குடித்த கதையிலிருந்து கிண்ணம் போய் வந்த கதை வரைக்கும் வாசலிலேயே நின்று சொல்லி முடித்தார். மச்சானுக்கு ஆங்கிலம் நன்றாகவே புரியும்.

6

"செல்வி, இங்க வா" என்று மச்சான் உள்ளே போய் உட்கார்ந்தார். மற்றவர்கள் கூடத்தின் ஓரத்தில் நின்றோம். காயத்ரி என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா இது?"

"தெரியும்ண்ணே. இஞ்சி நறுக்குறதே நாந்தான்."

"அப்பா என்ன பண்ணுனாருன்னு மறந்து போச்சா?"

"எப்படி மறக்கும்? நீ படிப்பை விட்டுட்டு மூட்டை தூக்கப் போனது மறக்குமா?" செல்விக்கு அழுகை வந்துவிட்டது. "ஆனா நான் இந்த வீட்டுல ஒரு நாளும் வாசல்ல செருப்புச் சத்தத்துக்குப் பயந்து உக்காந்தது இல்ல. அதை மட்டும் நம்புண்ணே."

மச்சான் என் பக்கம் கையை நீட்டினார். "அலமாரிச் சாவியக் குடுங்க மாப்ள."

கொடுத்தேன். அவரே போய்த் திறந்தார். கீழ்த்தட்டில் ஜாடிகள், மேல் தட்டுகளில் பாட்டில்கள். மஞ்சளாக, பழுப்பாக, சிவப்பாக, ஒவ்வொன்றும் கழுத்துவரை நின்றது. போன வருஷத்தது, அதற்கும் முந்தின வருஷத்தது எல்லாம் அங்கேயே இருந்தது. அவர் ஒவ்வொன்றாக எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்துத் திரும்ப வைத்தார். வெகுநேரம் பார்த்தார். தபன்தாவுக்கே ஏதோ சரியில்லை என்று பட்டு, வாயை மூடிக்கொண்டார்.

"எங்க வீட்டுல கட்டிலுக்கு அடியில பாட்டில் உருளும்" என்றார் மச்சான், எங்கள் பக்கம் திரும்பாமலே. "அதப் பொறுக்கிக் கடையில போட்டுத்தான் இவளுக்குச் சிலேட்டுப் பலகை வாங்குனேன். எல்லாம் காலிப் பாட்டிலு. குடிகாரன் வீட்டுல நான் காலிப் பாட்டிலைத்தான் பாத்திருக்கேன் மாப்ள. நெறஞ்ச பாட்டில இன்னைக்குத்தான் பாக்கேன்."

அவர் ஒரு ஜாடியின் மூடியைத் திறந்தார். அடியில் கிடந்த இஞ்சிச் சீவலில் ஒன்றைக் கரண்டியால் எடுத்து, விரலால் பிய்த்துப் பார்த்தார். வியாபாரி முகம் திரும்பி வந்துவிட்டது.

"இஞ்சி யாரு வாங்குனது?"

"காளிகாட் சந்தையில, நான்தான்" என்றேன்.

"முத்தலு. பூராம் நாரு. இதையா போட்டிய?" என்று சலித்துக்கொண்டு, கரண்டியைக் கழுவப் போனார். போகிற வழியில் சௌமிக்கின் முன் நின்றார். அவன் புறங்கையில் லேசாகச் சிவந்திருந்தது. "தேங்காண்ணெய் எடுத்துட்டு வா செல்வி. பய கையச் சுட்டுக்கிட்டான்" என்றார். அவரே தடவிவிட்டார்.

காயத்ரி என் சட்டையை விட்டுவிட்டு மாமாவின் தோளில் போய்ச் சாய்ந்தாள்.

ராஜி மாமி மூக்கைச் சிந்திவிட்டு, இந்தத் தடவை தானே மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, எல்லோரையும் மறுபடி வாசலுக்கு விரட்டி ஆரத்தி எடுத்தார். தபன்தா கடைசிவரை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கற்பூரம் அணைந்ததும், "இது எரியாதா?" என்று என் காதில் கேட்டார். எரியாது என்றேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

7

கல்யாணம் தை மாதத்தில் இங்கேயே நடந்தது. மச்சான் சீர்வரிசையோடு வந்தார். பட்டு, பழம், வெற்றிலை, சர்க்கரை, மாலை என்று தாம்பாளங்கள் வரிசையாக வந்தன. சம்பந்தி வீட்டிலிருந்தும் அவர்கள் வழக்கப்படி அலங்காரத் தட்டுகள் வந்தன. அதில் ஒரு பெரிய ரோகு மீனுக்குச் சேலை கட்டி, மூக்குத்தி போட்டிருந்தார்கள். விருதுநகர் உறவுக்காரர்கள் அந்த மீனோடு வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

மச்சான் கொண்டுவந்த தட்டுகளில் கடைசித் தட்டின் மேல் மஞ்சள் துணி மூடியிருந்தது. அதை அவர் வேறு யாரிடமும் கொடுக்கவில்லை, தானே சுமந்துவந்து தபன்தாவின் கையில் கொடுத்தார். துணியை விலக்கினால் இஞ்சி. இளசாக, மண் போகக் கழுவித் துடைத்த இஞ்சி, தட்டு நிறைய. "நோ ஃபைபர்" என்று மச்சான் ஆங்கிலத்தில் சொன்னார். தபன்தா அவரைக் கட்டிப்பிடித்து அழுதேவிட்டார். மச்சான் விறைப்பாக நின்று அதைப் பொறுத்துக்கொண்டார். பிறகு என்னிடம் வந்து, "சமையலுக்குன்னுதான் நான் குடுத்தேன். அப்புறம் அது எங்க போவுதுன்னு எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, மாலை எடுத்துக் கொடுக்கப் போனார்.

ஊருக்குத் திரும்பிய பிறகு அவரிடமிருந்து ஞாயிறு தவறாமல் போன் வருகிறது. செல்வியிடம் பேசுவார், காயத்ரியைப் பற்றிக் கேட்பார், மருமகன் தமிழில் எண்ணப் பழகிவிட்டானா என்று கேட்பார். இருபதுவரை வந்துவிட்டான் என்போம். கடைசியில் போனை என்னிடம் கொடுக்கச் சொல்லி ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"பாட்டிலு நெறஞ்சுதான இருக்கு மாப்ள?"

"நெறஞ்சுதான் இருக்கு மச்சான்" என்பேன். அவர் சிரிக்காமல் வைத்துவிடுவார். அந்தக் கேள்வி விளையாட்டு இல்லை என்று எனக்குத் தெரியும். தங்கையின் வீட்டு அலமாரியை அவர் விருதுநகரிலிருந்தே திறந்து பார்த்துக்கொள்கிறார். பார்க்கட்டும். இந்த ஊரில் இருக்கும் எனக்காகக் கவலைப்பட அவரைத் தவிர யார் இருக்கிறார்கள் என்று முன்பு நினைத்திருப்பேன். இப்போது அப்படிச் சொன்னால் தபன்தா சுவரேறி வந்து அடிப்பார்.

காலையில் எழுதத் தொடங்கியதை இப்போது இரவில் முடிக்கிறேன். இன்று ஞாயிறு இல்லை. இருந்தும், கல்யாண நாள் ஆயிற்றே, சாயங்காலம் எல்லோரும் கூடியிருந்த நேரத்தில் போன் வந்தது. காயத்ரி பேசினாள், சௌமிக் பேசினான், தபன்தா அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தையான வணக்கத்தை மூன்று முறை சொன்னார். போன் என் கைக்கு வந்தது. மேஜைமேல் அந்தப் பாட்டில், மச்சான் கொடுத்த இஞ்சியில் செய்தது. நாங்கள் அப்போதுதான் ஆளுக்கொரு கிண்ணம் ஊற்றி முடித்திருந்தோம்.

"பாட்டிலு நெறஞ்சுதான இருக்கு மாப்ள?"

செல்வி என்னைப் பார்த்தாள். இன்னொரு தடவை விசாரித்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

"இல்ல மச்சான். ஒரு நாலு விரக்கடை குறைஞ்சிருக்கு. உங்க இஞ்சி பாட்டிலு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். காயத்ரியின் முகம் சுருங்கத் தொடங்கியது. பிறகு, கடைக்குள்ளே யாரையோ அதட்டிக் கூப்பிடும் மச்சானின் குரல் கேட்டது.

"ஏய், கல்கத்தா பார்சல்ல இன்னும் ரெண்டு கிலோ இஞ்சி சேத்துக் கட்டு. இளசாப் பாத்து எடு."